முன்னே மூன்று, பின்னே இரண்டு புள்ளி எட்டு

தீபாவளி போனஸ் வந்த மறுநாள்
அவிநாசி ரோட்டில் ரிஸ்வான் கடைக்குப் போனேன்.
கைப்பையில் இஞ்ச் டேப் இருந்தது.
திருப்பூர்க்காரி பையில் வேறென்ன இருக்கும்.

பின்னால் ஷாக் இல்லாத வண்டி போதும் என்றேன்.
"ஏனுங்க்கா, ரெண்டு பக்கமும் இருந்தா
மெத்தையாட்டம் போகுமுங்க."
மெத்தைக்கு யார் புஷ் மாற்றுவது?
ஊதியூர் அடிவாரத்தில் அது கழன்றால்
யாரைக் கூப்பிடுவது?
முன்னால் ஒன்று இருக்கட்டும்.
பின்னால் விழும் அடியைத் தடித்த டயர் வாங்கிக்கொள்ளும்,
மிச்சத்தை என் முழங்கால்.

மூன்று சட்டங்கள் கொக்கியில் தொங்கின.
சாம்பல் நிறத்தது அழகு.
அதன் பின்கவட்டில் மூணு இஞ்ச் டயரை மாட்டிச்
சுற்றிக் காட்டினார். உரசவில்லை.
நான் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தேன்.
நகம் வரைக்கும்தான் போனது.
ஐப்பசி மழைக்குக் குண்டடத்துக் கரிசல் எப்படி அப்பும் என்று
இந்தச் சட்டத்தை வரைந்தவனுக்கு
யாரும் சொல்லவில்லை.

பச்சை நிறத்தது,
பாசி பிடித்த தண்ணித் தொட்டி மாதிரி.
மூணு இஞ்சுக்கு அதுவும் முறுக்கிக்கொண்டது.
ரெண்டு புள்ளி எட்டை மாட்டியதும்
விரல் முழுசாகப் போனது.
"கலர் புடிச்சுதுங்களாக்கா?"
"இல்லீங்க. இதையே எடுத்துக்கறேன்."

பிறகு டயர்.
"இஞ்சுக்கு நூத்திருபது இழைங்க" என்றார்
பட்டுப்புடவை விரிக்கிறவர் குரலில்.
பதினேழு வருசமாகத் துணி செக்கிங் மேசையில் நிற்கிறேன்.
இழை கூடினால் நூல் மெலியும்.
நூல் மெலிந்தால் உடம்புக்குச் சுகம்,
முள்ளுக்கும் சுகம்.
பக்கச்சுவரை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினேன்.
பழக்கத்தில் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கியும் பிடித்துவிட்டேன்.
ரிஸ்வான் சிரிப்பை அடக்கினார்.
குழந்தைச் சட்டைக்கு நல்ல சரக்கு இது.
கிளுவை வேலியோரம்
நெருஞ்சி காய்ந்து கிடக்கும் இட்டேரிக்கு ஆகாது.
அறுபது இழை கொடுங்கள், தடித்த நூல்.
"இருநூறு கிராம் கூடுமுங்க."
கூடட்டும்.
மிதிக்கப்போவது நான்தானே.

முன்னாலுக்கு மூன்று இஞ்ச்,
கட்டைகள் உயரமாய், விலகி விலகி,
வளைவில் சரளையைக் கவ்வ.
பின்னாலுக்கு அந்த ரெண்டு புள்ளி எட்டு,
கட்டைகள் தாழ்ந்து, நெருங்கி,
தாராபுரம் ரோட்டில் அனத்தாமல் உருள.
"ஜோடி சேரலைங்களே."
"கையும் காலும் ஒரே அளவுங்களா?"
அவர் பதில் சொல்லாமல்
எருக்கை ஒடித்த மாதிரி வெள்ளைப் பாலை
டியூபில்லாத டயருக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, இன்னும் விடியவில்லை.
கடையில் அடித்த காற்று முப்பது.
முதல் நூறடியிலேயே ஒவ்வொரு கல்லும்
தன் பெயரை மணிக்கட்டில் சொல்லிவிட்டுப் போனது.
வண்டி தத்துக்கிளி.
இத்தனை பணத்துக்கு இதுவா என்று
வண்டியையும் ரிஸ்வானையும் என்னையும்
வரிசையாய்த் திட்டினேன்.

இறங்கி வால்வை அழுத்தினேன்.
உஸ்ஸென்று அது போகப் போக
வெள்ளாடுகள் திரும்பிப் பார்த்தன.
ஓட்டி வந்தவர் கேட்டார்:
"நல்லாருக்கற காத்தை எதுக்குங்க புடுங்கி உடறீங்க?"
"கல்லுக்கு எடம் வேணுமுங்க."
அவருக்கு அது புரியவில்லை.
சொன்ன எனக்கும் பாதிதான்.

கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன்,
ரிப் துணி இழுத்துவிட்டால் திரும்பி வருமே, அந்த அளவு.
முன்னால் பதினாலு, பின்னால் பதினேழு என்று பிறகு கணக்கு வந்தது.
இப்போது டயர் கல்லின் மேல் ஏறவில்லை,
கல்லைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொண்டு
மறுபக்கம் விட்டது.
சரிவில் பிரேக்கைத் தொடாமல் பத்து நொடி.
வாயைத் திறந்து வைத்திருந்தேன் போல,
ஒரு பூச்சி உள்ளே போய்விட்டது.

கோயில் படிக்கட்டருகே எண்ணினேன்.
முன் டயரில் பதினோரு நெருஞ்சி,
ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு துளிப் பால் உறைந்து.
பிடுங்கவில்லை.
இருந்துவிட்டுப் போகட்டும்.

திங்கட்கிழமை மேசையில்
வெளிர்நீல ரோலை விரிக்கும்போது பார்த்தேன்,
நகக்கண்ணில் செம்மண்.
துணியில் அரை இஞ்சுக்கு ஒரு கோடு.
யாரும் கவனிக்கவில்லை.
ரிஜெக்ட் ஸ்டிக்கரை
நானே ஒட்டினேன்.